இளு

பெங்களூர்,
8 ஜனவரி 1972

தம்பி யாகப்பனுக்கு,

இதோடு ஒரு பிஸ்கட் டின் பார்சலில் வரும். தபால்காரர் முன்னால் திறந்து வைத்துக்கொண்டு நிற்காதே. மேலே இருக்கிற ரவிக்கைத் துணி உன் மனைவி பாக்கியமேரிக்கு. அதற்குக் கீழே காகிதத்தில் சுற்றியிருப்பது உனக்கு. கத்தி.

நான் சமைக்கிற வீட்டு ஜெர்மன்காரத் துரை கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனார். "உனக்கு என்ன வேண்டும்" என்று என்னைக் கேட்டார். ஒரு கை இல்லாதவன் மற்றவர் உதவி இல்லாமல் திறக்கிற மடக்குக் கத்தி வேண்டும் என்றேன். அவர் நாட்டில் சண்டையில் கை போனவர்கள் நிறையப் பேராம், அவர்களுக்கென்றே இப்படிச் செய்கிறார்களாம். வாங்கிவந்து கொடுத்துவிட்டு, "உன் தம்பி ஆப்பிள் நறுக்கிச் சாப்பிடட்டும்" என்றார். தலையை ஆட்டினேன். அரூரில் ஆப்பிள் விளைகிறது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அது எதற்கு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீ மறக்கிற ஆள். பத்து வருஷத்துக்கு முன்னால் என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி, கல்யாணத்தன்று வராமல் மாரண்டஹள்ளிக்கு ஓடிப்போய் அவன் ஜாதியில் காவேரியைக் கட்டியவன் அந்த அர்ச்சுனன். நான் ஊரில் தலைகாட்ட முடியாமல் இங்கே வந்து அடுப்புப் பார்க்கிறேன். நீ என்ன செய்தாய்? ராட்டினக் கயிறு பிடிக்க அவனைப் போல ஆள் இல்லை என்று, கிணறு வெட்டும் வேலைக்கு அவனையே திரும்பச் சேர்த்துக்கொண்டாய். அதற்குக் கூலியும் வாங்கினாய். நாற்பதடி ஆழத்தில் வெடிக்குத் திரி கொளுத்திவிட்டு மேலே இழு என்று நீ கத்தினாய், அவன் கயிற்றைக் கீழே விட்டான். உன் இடது கை அந்தக் கிணற்றிலேயே தங்கிவிட்டது.

பஞ்சாயத்து அவனை ஊரைவிட்டு விரட்டியதோடு சரி. எனக்கு அது போதாது. உனக்கும் போதக்கூடாது. உயிர் வேண்டாம், அந்தப் பாவம் நமக்கு எதற்கு. கை போதும். கயிறு பிடித்த வலது கை. கோழி அறுத்தவன்தானே நீ? மணிக்கட்டின் உள்பக்கம் நரம்பு ஓடுகிற இடம் தெரியும். அங்கே ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பிறகு அவன் இலைச் சோற்றை இடது கையால் அள்ளித் தின்னட்டும்.

மிக்கேலம்மாள்


சேசு மரி சூசை துணை
சூசைப்பட்டி, அரூர் வழி
19 ஜனவரி 1972

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி யாகப்பன் எழுதுவது. டின் நசுங்காமல் வந்து சேர்ந்தது. ரவிக்கைத் துணியின் நிறம் பாக்கியமேரிக்குப் பிடித்திருக்கிறது. பிஸ்கட் இருக்கும் என்று நினைத்தாளாம், அதில்தான் கொஞ்சம் முகம் வாடிவிட்டது.

கத்தியைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். மூடியிருக்கும்போது என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. பிடி ஏதோ மான்கொம்பு மாதிரி சொரசொரவென்று இருப்பதால் வேர்த்த கையிலும் நழுவவில்லை. அலகின் முதுகில் பயறு அளவுக்கு ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரலை அதில் வைத்துத் தள்ளினால் அலகு வெளியே வந்து டிக் என்று நிற்கிறது. நின்ற பிறகு ஆட்டினாலும் ஆடவில்லை. பழைய கத்தியைப் பல்லால் கடித்துத் திறந்துதான் என் முன்பல் ஒன்று சில்லு போனது. அந்தப் பல்லுக்கு முன்னாலேயே இது வந்திருக்கலாம்.

திறப்பது சுலபம், மூடுவதுதான் வித்தை. உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கிறது, அதை ஆள்காட்டி விரலால் அமுக்கிக்கொண்டு, அலகின் முதுகைத் தொடையில் வைத்து அழுத்த வேண்டும். முதல் நாள் விரலை எடுக்க மறந்துவிட்டேன். ரத்தம் சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்து உன் தம்பி பொண்டாட்டி, "ஏங்க, ஊர்க்காரன வெட்டறதுக்கு முன்னாடி உங்களையே வெட்டிக்கிறீங்களா" என்று சிரிக்கிறாள். நீ எனக்கு எழுதியதை அவளும் படித்துவிட்டாள், மறைக்க முடியவில்லை. அப்புறம் அவள் சிரிக்கவில்லை.

குறையும் சொல்கிறேன். சட்டைப் பையில் போட்டால் கனத்தில் சட்டை ஒருபக்கமாக இழுக்கிறது. வேட்டி மடிப்பில் செருகினால் அந்தக் காது நூலைப் பிடித்துக்கொள்கிறது. புளி அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் அலகு கருத்துப் போகிறது. விறகு பிளக்க ஆகாது, அலகு மெல்லிசு. ஆனால் நேற்று ஆட்டுக்குட்டி ஒன்று வேலியில் மாட்டி, கழுத்துக் கயிறு இறுகிக் கண் பிதுங்கிக் கிடந்தது. முன்பென்றால் யாரையாவது கூப்பிட்டு ஓடியிருப்பேன், அதற்குள் குட்டி செத்திருக்கும். எடுத்தேன், தள்ளினேன், அறுத்தேன். சாயந்திரம் வெங்காயத்தை மொண்டிக் கையால் பலகையில் அமுக்கிக்கொண்டு நானே நறுக்கினேன். ஒன்றும் இல்லை, வெங்காயம்தான். ஆனால் மூன்று வருஷமாக ஒரு வெங்காயத்துக்கும் நான் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா. கண்ணில் வந்த தண்ணீர் எதனால் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மற்றதையும் மறக்கவில்லை. வாழைத்தண்டில் குத்திப் பார்த்தேன். நான்கு விரல் ஆழம் தடையில்லாமல் இறங்குகிறது. துண்டுக்கு அடியில் கையை வைத்துச் சத்தமில்லாமல் திறக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், அந்த டிக் சத்தத்தைத் துண்டு விழுங்கிவிடுகிறது. கை போன இடத்தில் இல்லாத விரல்கள் இன்றைக்கும் அரிக்கின்றன. சொறிய இடமில்லாதவனுக்குத்தான் அந்தக் கோபம் தெரியும். சாம்பல் புதன் பிப்ரவரி பதினாறாம் தேதி. தபசு காலம் ஆரம்பித்துவிட்டால் கை வைக்க முடியாது. அதற்குள் முடித்துவிடுகிறேன்.

யாகப்பன்


பெங்களூர்,
27 ஜனவரி 1972

யாகப்பனுக்கு,

வெங்காயம் நறுக்கவா துரையிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன்? மூன்று பக்கம் கத்தியின் காது, மூக்கு, தொடை என்று எழுதியிருக்கிறாய். அர்ச்சுனனைப் பற்றி நான்கு வரி. கல்யாணப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவன் போல இருக்கிறது உன் கடிதம்.

அவன் மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காய்கறி மண்டியில் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறான். இங்கே பால் ஊற்றுகிற குள்ளம்மாளின் அண்ணன் அந்தப் பக்கம்தான், அவள் சொன்னாள். காலை பத்து மணிக்குக் கூட்டம் அதிகம். கூட்டம் இருப்பது நல்லது. பக்கத்தில் போய் நிற்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அருகில் போனதும் பேசாதே. பேசினால் உனக்கு மனசு இளகிவிடும். சின்ன வயதிலிருந்து உன் வியாதி அது.

நான் பொங்கலுக்கு ஊருக்கு வராததற்கு ஏதேதோ காரணம் எழுதுவேன், நீயும் நம்புவாய். உண்மையான காரணம், கோயிலில் பெண்கள் பக்கம் நான் போய் உட்கார்ந்தால் இன்றைக்கும் இரண்டு பேர் குனிந்து குசுகுசுக்கிறார்கள். பத்து வருஷம் ஆகிறது. அவன் கை போனால் அவர்கள் பேச வேறு விஷயம் கிடைக்கும்.

மிக்கேலம்மாள்


சேசு மரி சூசை துணை
சூசைப்பட்டி,
11 பிப்ரவரி 1972

அக்கா,

போய்விட்டு வந்தேன். அவன் கை அவனிடமே இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

புதன்கிழமை பத்தரை மணிக்கு மண்டியில் இருந்தேன். ஒரு லாரியில் கிணற்றுக்கு வைக்கிற டீசல் மோட்டார் வந்திருந்தது. கனமான சாமான், கயிறு கட்டித்தான் இறக்க முடியும். லாரிமேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அர்ச்சுனன். தலை பாதி நரைத்திருக்கிறது. நான் கீழே கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். துண்டுக்கு அடியில் கத்தி திறந்துதான் இருந்தது. அவன் இறங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழே மோட்டாரைத் தாங்கிப் பிடித்தவன் மேலே பார்த்துக் கத்தினான். "இளுசு! இளுசு!"

அர்ச்சுனன் கயிற்றைக் கீழே விட்டான். மோட்டார் இறங்கியது.

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், "என்னம்மா சொல்றாரு அவரு?"

"எறக்கச் சொல்றாருங்க. கன்னடத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. இங்க பாதிப் பேரு வூட்டுல கன்னடந்தான்."

அக்கா, மற்ற நாளில் நான் வெடி வைத்துவிட்டுக் கயிற்றை இரண்டு தடவை ஆட்டுவேன், அவன் இழுப்பான். கத்த வேண்டிய வேலையே இருந்ததில்லை. அன்றைக்குத் திரி நினைத்ததைவிட வேகமாகச் சீறிக்கொண்டு போனது. பயத்தில் கயிற்றை ஆட்ட மறந்து வாயில் வந்ததைக் கத்தினேன். இழு என்று நம் வாயில் எப்போது வந்திருக்கிறது? "இளு, இளு"தான். கிணற்றுக்குள்ளிருந்து, எதிரொலியோடு, நாற்பதடிக்கு மேலே நின்ற கன்னட வீட்டுப் பிள்ளை காதில் அது என்னவாக விழுந்திருக்கும்?

அவன் என்னைப் பார்த்துவிட்டான். லாரியிலிருந்து இறங்கி நேராக வந்து முன்னால் நின்றான். துண்டைப் பார்த்தான். "வந்துட்டியா யாகப்பா. மூணு வருசமா உன்ன எதிர்பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றான். ஓடவில்லை.

நீ பேசாதே என்று சொன்னாய். பேசினேன். "அன்னிக்கு நான் என்னடா கத்தினேன்?"

"எறக்கச் சொன்னே. பஞ்சாயத்துலயும் அதத்தான சொன்னேன், எல்லாரும் காறித் துப்பினாங்க. கயிறு பத்தல போலன்னு நெனச்சு ரெண்டு சுத்து விட்டேன். அப்புறந்தான் பொகையப் பாத்தேன்."

"இளுன்னேன்டா. இழு. மேல இழுன்னு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உதடு மட்டும் அசைந்தது. இளு, இளுசு, இளு என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தான். அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். புகையைப் பார்த்ததும் என்னை இழுத்த வேகத்தில் கயிறு தோலை உரித்த தழும்பு, இரண்டு கையிலும் குறுக்காக ஓடுகிறது. இதை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவன் இழுக்காமல் விட்டிருந்தால் நான் முழுசாகவே அங்கே தங்கியிருப்பேன்.

அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். காவேரி களி போட்டாள், தின்றேன். எந்தக் கிணற்று வேலைக்கும் இவனைச் சேர்ப்பதில்லையாம். ஆள் விழுங்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் தங்கையைக் கேட்டு வந்தவர்கள், நம் ஊரில் விசாரித்துவிட்டுத் திரும்பி வரவில்லையாம். கத்தியைக் காட்டு என்றான். தரையில் வைத்தேன், எடுத்துக்கொண்டான். "கையில குடுத்தா சண்டை வரும்னுதானே கீழ வைக்கிற? இனிமே நமக்குள்ள என்ன சண்டை மிச்சம்" என்றான். திறந்து மூடிப் பார்த்துவிட்டு நல்ல சாமான் என்றான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கிளம்பும்போது, "உங்க அக்காவுக்கு எங்க பாஷை நல்லா வருமே, நான்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து நான் என்ன கத்தினேன், அவன் என்ன பதில் சொன்னான் என்று இரண்டையும் உனக்குத்தான் எழுதினேன். உனக்கு இது தோன்றவே இல்லையா? யோசித்திருக்க மாட்டாய். இருந்தாலும் ஒரு வரி எழுது.

யாகப்பன்


பெங்களூர்,
16 பிப்ரவரி 1972

யாகப்பனுக்கு,

நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சந்தோஷமா உனக்கு?

என்னைக் கல்யாணப் புடவையோடு கோயில் வாசலில் நிற்க வைத்தவன் வீட்டில் களி தின்றாய். காவேரி போட்டாளாம், இவன் தின்றானாம். குழம்பு எப்படி இருந்தது என்று ஏன் எழுதவில்லை? கத்தியைப் பற்றி அவ்வளவு விவரமாக எழுதத் தெரிந்தவனுக்குக் குழம்பைப் பற்றி நான்கு வரி வராதா?

அவன் நடிப்பான். என் முன்னாலும் நடித்தான், உபதேசியாரிடம் மந்திரம் படிப்பது போல நடித்தான், ஞானஸ்நானம் வாங்குகிறேன் என்று நடித்தான். தழும்பைக் காட்டினால் உருகிவிடுவாயா? உன் மொண்டிக் கையை அவனுக்குக் காட்டினாயா? அவன் தங்கைக்கு மாப்பிள்ளை வரவில்லை என்று கவலைப்படுகிறாய். எனக்கு வரவில்லையே, அதற்கு எத்தனை நாள் தூங்காமல் இருந்தாய்? அவன் ஓடிப்போன மூன்றாம் மாதமே அவனை ராட்டினத்தில் நிறுத்தினாய். சாப்பாட்டுத் தூக்கை இரண்டு பேரும் பகிர்ந்து தின்றதாக ஊரே சொன்னது.

கை போனது உனக்கு. அவமானம் எனக்கு. இரண்டையும் செய்தவன் ஒருத்தன். அதற்கு மேல் கணக்கு எதுவும் எனக்குத் தெரியாது. கன்னடத்தில் ஆயிரம் வார்த்தை இருக்கிறது. இந்த வீட்டில் அடுப்பையும் பாத்திரத்தையும் பார்ப்பேனா, எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உட்கார்ந்து ஆராய்வேனா?

உன்னால் முடியாவிட்டால் கத்தியைத் திருப்பி அனுப்பு. எனக்கு இரண்டு கையும் இருக்கிறது.

மிக்கேலம்மாள்


சூசைப்பட்டி,
24 பிப்ரவரி 1972

மிக்கேலம்மாள் அவர்களுக்கு,

நான் ஒரு வரி கேட்டேன். நீங்கள் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரி அதில் இல்லை.

பாக்கியமேரியின் ஜெபப் புத்தகத்தில் மடித்து வைத்திருந்த உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். 1969, மே மாதம். பஞ்சாயத்துக்கு நான்கு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக்கு எழுதியது. அதில் நீங்கள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: "நீ என்ன வார்த்தை சொல்லிக் கத்தினாய் என்று யாரிடமும் சொல்லாதே. கத்தினேன் என்று மட்டும் சொல். வார்த்தையைச் சொன்னால் வழக்கைக் குழப்பிவிடுவார்கள்."

அக்கா படித்தவள், பெங்களூரில் இருக்கிறவள், சரியாகத்தான் சொல்லுவாள் என்று அப்படியே செய்தேன். பஞ்சாயத்தில் வார்த்தையைச் சொல்லியிருந்தால், அங்கே உட்கார்ந்திருந்த பத்துப் பேரில் ஒருத்தருக்காவது பொறி தட்டியிருக்கும். சொல்லாததால் ஒரு மனிதன் மூன்று வருஷமாக ஆள் விழுங்கியாக இருக்கிறான். என் கையை எடுத்தது என் வாய். அவன் பிழைப்பை எடுத்தது நீங்கள். என்னை எந்தக் கத்தியாக வைத்துக்கொண்டீர்கள் என்று இப்போது தெரிகிறது.

உங்கள் வழியிலேயே பழிக்குப் பழி கேட்கிறேன். தெரிந்தே மறைத்ததை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அவனை விரட்டிய சபை முன்னால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உபதேசியார் அதை வாசிப்பார். பேசிவிட்டேன். பெண்கள் பக்கம் குசுகுசுப்பார்கள், அது எனக்குத் தெரிந்துதான் கேட்கிறேன். எழுதாவிட்டால் மே மாதக் கடிதம் என்னிடம் இருக்கிறது, அதை வாசிக்கச் சொல்லுவேன். அதற்குப் பிறகு எனக்கு அக்கா என்று யாரும் இல்லை.

யாகப்பன்


பெங்களூர்,
3 மார்ச் 1972

யாகப்பா,

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். இடுப்பில் தூக்கி வளர்த்தவளை. அர்ச்சுனன் வராமல் போன அன்றைக்குக்கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

தெரியும். ஆஸ்பத்திரிக் கடிதத்தை இங்கே அடுப்படியில் நின்று படித்தேன். இளு என்கிற இடத்துக்கு வந்ததும் தெரிந்துவிட்டது, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறினேன். சொன்னால் அவன் தப்பித்துவிடுவான். கடவுள் கொண்டுவந்து கொடுத்தது போல இருந்தது. உன் கை போனதற்காக அழுதுகொண்டே சந்தோஷப்பட்டேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

கேட்டதை எழுதியிருக்கிறேன், கீழே இருக்கிறது. அவனை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் என்னால் எழுத முடியாது, கேட்காதே. உன்னிடம் இருக்கிற அந்த மே மாதக் கடிதத்துக்குப் பயந்து எழுதவில்லை. வேறு ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசித்தார்கள். "இவர்களுக்குள் ஏதாவது விக்கினம் இருந்தால், தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லக் கடவார்கள்" என்று உபதேசியார் மூன்று தடவையும் கேட்டார். அர்ச்சுனன் மூன்று ஞாயிறும் ஆண்கள் பக்கம் தூணோரமாக நின்றிருந்தான். அவன் ஆத்தா விஷம் குடிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்கு அப்போதே தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவனை நான் வெறுத்தது ஓடிப்போனதற்காக அல்ல. தெரிந்தும் அந்த மூன்று ஞாயிறும் பேசாமல் நின்றதற்காக. நானும் அதையேதான் மூன்று வருஷம் செய்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு வாசித்துவிட்டு நிறுத்திவிடாதே. அப்போது எப்படி வாசித்தார்களோ அப்படியே வாசிக்கச் சொல். பெயர்களை முழுங்க வேண்டாம்.

"சூசைப்பட்டி சபையாருக்கு அறிவிப்பது. இந்தக் கோயிலைச் சேர்ந்த மிக்கேலம்மாளும் மாரண்டஹள்ளி அர்ச்சுனனும் சம்பந்தப்பட்டது. கிணற்றில் யாகப்பனுக்குக் கை போனதில் அர்ச்சுனன் மேல் குற்றம் இல்லை. இழு என்று யாகப்பன் சொன்னது, இறக்கு என்று அவன் பாஷையில் அவனுக்குக் கேட்டது. இது மிக்கேலம்மாளுக்கு அன்றே தெரியும். தெரிந்தும் மறைத்தாள். இதற்கு மாறாக யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்தால் சொல்லக் கடவார்கள்."

மூன்றாவது ஞாயிறு நான் வருகிறேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

மிக்கேலம்மாள்